துர்க்கை காணாத ரயில்

“பதேர் பாஞ்சாலி” என்றதும் வங்காளத்தில் குடியேறிய நம்மவர் பலரும் ஒரு காட்சியையே நினைவு கூர்வர். நாணல் பூத்த வெளியில் அக்காளும் தம்பியும் ஓடுகின்றனர். கரும்புகை கக்கிக்கொண்டு ரயில் வருகிறது. 1955ஆம் ஆண்டில் சத்தியஜித் ராய் எடுத்த திரைப்படம் செய்த மாயம் அது. விபூதிபூஷண் பந்தோபாத்யாயர் எழுதி 1929இல் நூலாக வெளிவந்த மூலக்கதையிலோ அக்காட்சியே கிடையாது. அங்கே துர்க்கை ஒருநாளும் ரயிலைக் காண்பதில்லை.

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்த நமக்கு இலக்கியத்தை எடைபோடும் தகுதி ஏது? ஆயினும் அடுத்த வீட்டு வங்காளி நண்பர் தந்த பிரதியை, தெரிந்த அரைகுறை வங்காளத்தைக் கொண்டு, இரவுதோறும் சில பக்கங்களாக நம் மக்களுக்குத் தமிழில் சொல்லி வருகிறோம். அதில் கண்டதை நேயர்களுக்கும் சொல்லத் துணிந்தோம்.

நிச்சிந்திபுரம் என்னும் சிற்றூரில் ஏழைப் புரோகிதர் ஹரிஹரரின் மகன் அபு. கழுகு முட்டைக்குள் பாதரசத்தை வைத்து, வெயிலில் காயவிட்டு, வாயில் அடக்கிக்கொண்டால் வானில் பறக்கலாமென்று தந்தையின் பழைய புத்தகமொன்றில் படித்துவிட்டு அதை முழுமையாக நம்பும் பிள்ளை! மாடு மேய்க்கும் பையனிடம் முட்டையும் வாங்கிவிடுகிறான். விளக்குத் திரிக்குக் கந்தல் தேடிய துர்க்கையின் கை பட்டு முட்டைகள் உடைந்துபோகின்றன. நம் வீட்டில் இரண்டு நாள் இதே பேச்சு.

காணாமற்போன கன்றைத் தேடும் சாக்கில் இருவரும் ஒருநாள் ரயில்பாதையைக் காண ஓடி, வழி தவறித் திரும்புகின்றனர். பின்னொரு நாள் தந்தையுடன் செல்லும் அபு தண்டவாளத்தை மட்டும் பார்க்கிறான். வண்டி வர நேரமிருந்தது, தந்தை நிற்கவில்லை. காய்ச்சலில் கிடக்கும் துர்க்கை, உடம்பு தேறியதும் தனக்கு ரயில் காட்டுவாயா என்று தம்பியைக் கேட்கிறாள். அவள் தேறவில்லை.

சாவு பெரிய துயரந்தான். ஆனால் அபுவின் பிள்ளைப் பருவம் முடிவது அங்கே அன்று என்பது நம் கருத்து. அயல்வீட்டுப் பொற்குங்குமச் சிமிழ் ஒன்று முன்பு களவு போயிருந்தது. பழி துர்க்கைமேல் விழ, அடியுண்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. குடும்பம் காசிக்குப் புறப்படும் தறுவாயில், மேலே கிடந்த மண்கலயத்துள் அபு அந்தச் சிமிழைக் காண்கிறான். சற்று நின்று, அதை எடுத்துப்போய் வீட்டின் பின்புற மூங்கிற்காட்டில் வீசிவிடுகிறான். தாயிடமும் அதைச் சொல்வதில்லை.

இவ்விடத்தில் நம் இளையவன், வயது பத்து, குறுக்கிட்டான்:

“அது திருட்டுப் பொருள்தானே அப்பா? உடையவர்களிடம் கொடுத்துவிட வேண்டாமோ?”

“கொடுத்தால் அக்காள் திருடியென்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே!” என்றாள் மூத்தவள்.

“உண்மை அதுதானே?”

இருவரும் நம் முகத்தைப் பார்த்தனர். களவும் பொய்யும் ஆகாவென்று நாள்தோறும் உபதேசிக்கும் வாய்க்கு அன்று சொல் எழவில்லை. இல்லாள் விளக்கை அணைக்கும் நேரமாயிற்று என்று சொல்லி நம்மைக் காப்பாற்றினாள்.

இதற்கு அடுத்த பகுதியைத் தனியே படித்துவிட்டோம். அபு முதன்முதல் ரயிலேறுகிறான். ஆசைப்பட்டு ஏங்கிய அதே ரயில்தான் அவனை ஊரினின்றும் பிரிக்கிறது. ஸ்டேஷனின் டிஸ்டண்ட் சிக்னல் மங்கி மறைகையில், துர்க்கை அங்கேயே தனித்து நிற்பதாக அவனுக்குத் தோன்றுகிறது. டிஸ்டண்ட் சிக்னல் என்ற சொல்லை அலுவலகத் தாள்களில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அன்று அச்சொல்லைத் தாண்டிச் செல்ல நெடுநேரமாயிற்று.

நமக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய மூன்று வாரமே பாக்கி. இளையவனின் தோழர்களெல்லாம் இந்தத் தெருவிலேயே இருக்கின்றனர். மீதிக் கதை என்ன என்று அவன் தினமும் கேட்கிறான். பெட்டி கட்டும் வேலை முடியட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறோம்.