வெள்ளி போர்த்த குழாய்கள்

கந்தப்பளையில் கொழுந்து பறிக்கும் குடும்பங்களுக்கு வெள்ளி புதியதன்று. குழந்தையின் அரைஞாணாகவும் காற்கொலுசாகவும் அதனைக் கண்டவர்களே நாம். அவ்வெள்ளி இன்று நோயாளியின் உடலுட் செல்லும் பிளாஸ்டிக் குழாய்களுக்கும் போர்வையாகி வருகின்றது.

தானே சிறுநீர் கழிக்கவோ மூச்சுவிடவோ இயலாதவர்க்கு வைத்தியர் குழாய் பொருத்துவர். உயிர் காக்கும் அக்குழாயின்மீதே கிருமிகள் பாசிபோலப் படர்ந்துவிடுவதுண்டு. படர்ந்தபின் மருந்து எளிதில் ஊடுருவாது. ஆகவே, படருமுன் தடுத்தல் வேண்டும்.

பிளாஸ்டிக்கில் வெள்ளியைப் படியவைப்பது எங்ஙனம்? மின்சாரத்தைக் கடத்தாத பொருளாதலால் மின்முலாம் நேரே உதவாது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் லீபிக் கண்ணாடிக்கு வெள்ளி பூசிய இரசாயன வழியே இங்குங் கைகொடுக்கின்றது. வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலுடன் அமோனியாவும் குளுக்கோசும் சேர, வெள்ளி உலோகமாகப் பிரிந்து படிகின்றது. பிளாஸ்டிக்கை முன்னதாக வெள்ளீயக் குளோரைட்டுக் கரைசலாற் பதப்படுத்தினால், வெள்ளி அதிலும் பற்றிக்கொள்ளும். செறிவையும் நேரத்தையும் அளந்து நடத்தின், 100 நானோமீற்றருக்குட்பட்ட துகள்களாகப் படியச் செய்யலாம். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே நானோமீற்றர். ஈரம் பட்டதும் இத்துகள்களிலிருந்து மெல்லக் கசியும் வெள்ளி அயன்கள் கிருமியின் மென்சவ்வையும் நொதியங்களையும் சிதைக்கின்றன.

நம் தேயிலைக்கும் இத்துறையிற் பங்குண்டு. 2008இல் அமெரிக்காவில் நடகௌடா, வர்மா என்னும் இருவர் தேயிலைச் சாற்றைக் கொண்டே வெள்ளி நானோத் துகள்களை ஆக்கிக் காட்டினர். சாயத்திலுள்ள பொலிபீனோல்களே அங்கு குளுக்கோசின் வேலையைச் செய்தன.

பயன் எத்தகையது? பூசும் முறை பலவாயினும், வெள்ளிக் குழாய்களை வைத்தியர்கள் சோதித்துப் பார்த்துள்ளனர். வட அமெரிக்காவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், சாதாரண மூச்சுக்குழாய் இட்டோரில் 7.5 வீதத்தினருக்கும், வெள்ளி பூசியது இட்டோரில் 4.8 வீதத்தினருக்குமே நுரையீரற் காய்ச்சல் கண்டது. ஆயினும் 2012இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், குறுகிய காலம் இடப்பட்ட சிறுநீர்க் குழாய்களில் வெள்ளிக் கலப்புப் பூச்சினால் குறிப்பிடத்தக்க நன்மை காணப்படவில்லை. ஓரிடத்திற் கைகொடுத்த வெள்ளி மற்றோரிடத்தில் கைவிட்டது!

ஆதலின், வாசகர்களே, நோயாளியின் கட்டிலருகே இருப்போர் வெள்ளியை மட்டும் நம்பியிருத்தலாகாது. குழாயைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக. சிறுநீர்ப் பையை இடுப்புக்கு மேலே உயர்த்தாதிருக்க, நிலத்திலும் வையாதிருக்க. “குழாய் இன்னும் வேண்டுமா, ஐயா?” என்று நாள்தோறும் வைத்தியரிடம் தயங்காது கேட்க. தேவையற்ற குழாய் ஒருநாள் முந்தி அகற்றப்படுமாயின், கிருமி புகும் வழியும் அன்றே அடைபடும்.