சர்க்கரையோடு வாழ்க்கை: உங்களுக்குத் தெரியுமா?

வீட்டிலேயே விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் பழக்கத்துக்கு முன்னோடி ஒரு நோயாளி. அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீனுக்கு 12 வயதிலேயே சர்க்கரை நோய். 1969 வாக்கில் ரத்தச் சர்க்கரையை உடனே காட்டும் கருவி ஒன்றைப் பற்றி அறிந்தார். ஆனால் அதை மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்றார்கள். மனைவி மருத்துவர் என்பதால் அவர் பெயரில் வாங்கினார். ஒரு நாளில் பலமுறை சோதித்து, எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது, ஊசி எவ்வளவு இறக்குகிறது என்று கணக்குப் பிடித்தார். அந்த அனுபவத்தை எழுதி அனுப்பியபோது மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, தானே மருத்துவரானார்! 90 வயது வரை வாழ்ந்தார்.

லண்டன் மருத்துவர் ராபர்ட் லாரன்ஸும் சர்க்கரை நோயாளிதான். இனிப் பிழைக்க வழியில்லை என்று இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் போய்த் தங்கியிருந்தவரை, 1923இல் இன்சுலின் கிடைத்த செய்தி லண்டனுக்குத் திரும்ப வைத்தது. 1934இல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸுடன் சேர்ந்து நோயாளிகளுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். வெல்ஸுக்கும் சர்க்கரை உண்டு.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1948இலேயே சர்க்கரை நோய்க்குத் தனிப் பிரிவு தொடங்கியவர் பேராசிரியர் எம். விஸ்வநாதன்.

‘மூன்று மாதச் சராசரி’ என்கிறோமே, அந்த ஹெச்பிஏ1சி சோதனையை ஏமாற்ற முடியாது. ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அத்தனை நாளும் அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் இந்தச் சோதனை அளக்கிறது. முந்தின மூன்று நாள் மட்டும் சோற்றைக் குறைத்துப் பயனில்லை. ஆனால் ரத்தசோகை இருந்தால் கணக்கு பிசகலாம். மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

திடீரென்று வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, அகோரப் பசி. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கியதன் அறிகுறிகள் இவை. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி உயிருக்கே ஆபத்தாகும். சில வகை பிபி மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். அவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு வியர்வைதான் முக்கிய எச்சரிக்கை. இதை நோயாளியைவிட வீட்டிலிருப்பவர்கள் தெரிந்துவைத்திருப்பது முக்கியம்.

இன்சுலின் ஃப்ரீஸரில் உறைந்துவிட்டால் வீண். பிறகு இளகினாலும் அதைப் போடக்கூடாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றலாம்.

சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலில் சுற்றுகிறீர்களா? சர்க்கரையால் உணர்ச்சி மரத்த பாதத்துக்குக் கல்லின் சூடு தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளம் கண்ணில் படும். காலை நேரத்தில் போங்கள். இரவில் படுக்கும்முன் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குக் கண்ணாடி போதும்.

தமிழகத்தில் பிபி, சுகர் மாத்திரைகளை வீடு தேடிக் கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை என்பது அதைவிடப் பெரிது.

சர்க்கரையால் விழித்திரை பழுதாகத் தொடங்கும்போது வலி இருக்காது, பார்வையும் மங்காது. மங்கலாகத் தெரியும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். அதனால்தான் சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரித்துப் பார்க்கும் சோதனை ஆண்டுக்கு ஒருமுறை அவசியம். நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ஓராண்டு தாண்டியிருந்தால், இந்த வாரமே போய்ப் பாருங்கள்.