சிற்றுயிர்களைத் தேடி ஒரு சுற்றுலா

பினாங்கு என்றதும் ஜார்ஜ் டவுனின் பழமையான வீதிகளும் நாசி கண்டாரும் கடற்கரையும் பலரின் நினைவுக்கு வரும். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்நகருக்கு அருகிலேயே அடர்ந்த மழைக்காடும் உள்ளது. கொடிமலை, தாவரவியல் பூங்கா, பினாங்குத் தேசியப் பூங்கா ஆகியவற்றை உள்ளடக்கிய 12,481 ஹெக்டர் பரப்பை 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

இத்தீவின் காடுகளில் யானையோ புலியோ இல்லை. ஆயினும், இலைக்கு அடியிலும் மரப்பட்டையின் இடுக்கிலும் எண்ணற்ற பூச்சியினங்கள் வாழ்கின்றன. அவை மிகச் சிறியவை என்பதால் காட்டுக்குச் செல்வோர் அவற்றைக் கவனிக்காமலேயே கடந்து விடுகின்றனர். இக்குறையைப் போக்கும் கலையே அண்மைப் புகைப்படக் கலை.

இக்கலைக்கு மேக்ரோ வில்லை பயன்படுகிறது. இது பூச்சியை அதன் உண்மையான அளவிலேயே படக்கருவியின் உணரியில் பதிவு செய்ய வல்லது. அப்படத்தைத் திரையில் பெரிதாக்கும்போது, வண்ணத்துப்பூச்சியின் சிறகில் கூரை ஓடுகளைப் போல அடுக்கப்பட்ட செதில்களும் தும்பியின் கூட்டுக்கண்களும் தெளிவாகத் தெரியும். எனினும், மிக அருகில் படம் எடுக்கும்போது சில மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே தெளிவாக விழும். எனவே, புகைப்படக் கலைஞர்கள் ஒரே பூச்சியைப் பல படங்களாக எடுத்து ஒன்றிணைப்பதும் உண்டு. இக்காலக் கைப்பேசிகள் பலவற்றிலும் அண்மைப் படம் எடுக்கும் வசதி இருப்பதால், மாணவர்களும் இதனை எளிதில் முயன்று பார்க்கலாம்.

இத்தகைய படங்கள் சுற்றுலாவுக்கும் துணைபுரிகின்றன. மலரைப் போலவே தோன்றி இரையை ஏமாற்றும் ஆர்க்கிட் கும்பிடுபூச்சியின் படத்தைக் காண்பவருக்கு அதனை நேரில் காணும் ஆவல் பிறக்கும். பினாங்கில் அந்த ஆவலைத் தணிக்க ஏற்ற இடங்கள் உள்ளன. தெலுக் பஹாங்கில் 1986ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, 2016ஆம் ஆண்டில் ‘என்டோபியா’ என்னும் புதிய பெயரில் விரிவடைந்தது. வண்ணத்துப்பூச்சிகள் தடையின்றிப் பறந்து திரியும் அவ்விடம், படம் எடுக்கப் பழகுவோருக்கும் ஏற்றது. காட்டைக் காணப் பயணிகள் வந்தால், உள்ளூர் வழிகாட்டிகளுக்கும் வருமானம் கிடைக்கும். காட்டைக் காப்பதில் ஊராருக்கும் அக்கறை பெருகும்.

ஆயினும், அழகிய படம் வேண்டும் என்னும் ஆசை சில வேளைகளில் பூச்சிகளுக்கே தீங்காகிறது. அசையாமல் இருப்பதற்காகப் பூச்சியைக் குளிரூட்டுவோரும், பசையால் ஒட்டி வைப்போரும் உண்டு. குறிப்பிட்ட சில செடிகளின் இலைகளை மட்டுமே தின்னும் கம்பளிப்பூச்சியை வேறு செடிக்கு மாற்றினால் அது பட்டினியால் இறக்க நேரிடும். அரிய பூச்சி வாழும் இடத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டால், அதனைப் பிடித்து விற்போருக்கு வழிகாட்டியதாகிவிடும்.

ஆகவே, படம் எடுப்போர் சில நெறிகளைப் பின்பற்ற வேண்டும். பூச்சியைத் தொடாமலும் இடம் மாற்றாமலும் படம் எடுக்க வேண்டும். நடைபாதையை விட்டு விலகிச் செடிகளை மிதிக்கக்கூடாது. மின்னொளியை அளவோடு பயன்படுத்த வேண்டும். ‘ஐநேச்சுரலிஸ்ட்’ போன்ற செயலியில் படத்தைப் பதிவேற்றினால், அது ஆய்வாளர்களுக்கும் பயன்படும் சான்றாகும். அரிய இனத்தின் சரியான இருப்பிடத்தை மறைத்து வைக்கும் வசதியும் அதில் உண்டு.

ஒரு படம் பயணிகளைக் காட்டுக்கு அழைத்து வரலாம். ஆனால், வருவோர் காண்பதற்கு அப்பூச்சி அங்கு உயிரோடு இருந்தால்தான் அச்சுற்றுலா நிலைக்கும். எனவே, படத்தின் அழகைவிடப் பூச்சியின் உயிரே பெரிது என்பதை உணர்ந்து செயல்படுவது நம் அனைவரின் கடமையாகும்.