எலுமிச்சம்பழத்துக்குப் பின்னால் இருந்த பாடல்கள்

2002 நவம்பரில், தங்கள் 1990களின் சிறந்த பாடல்களைத் தொகுத்து யு2 இசைக்குழுவினர் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். ‘பாப்’ ஆல்பத்திலிருந்து அதில் மூன்று பாடல்கள் இடம்பெற்றன: ‘டிஸ்கோதெக்’, ‘கான்’, ‘ஸ்டேரிங் அட் தி சன்’. ஐந்து வருடங்களுக்கு முன் ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கிய வடிவில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் புதிதாக மிக்ஸிங் செய்திருந்தார்கள். ‘ஸூரோப்பா’ ஆல்பத்தின் ஒரு பாட்டுக்கும் இது நடந்தது. ‘ஆக்டங் பேபி’யின் பாடல்களுக்கு நடக்கவில்லை. செய்தவர்களே வந்து, “நீ வைத்திருப்பது சரியில்லை, இதைக் கேள்” என்று சொன்னதற்குச் சமம் அது. ரசிகர்களில் பெரும்பாலோர் அப்போது மறுப்புச் சொல்லவில்லை. ‘பாப்’ ஒரு சறுக்கல் என்பது அவர்களுக்கும் ஏற்கெனவே முடிந்துபோன விஷயம்.

இன்று யு2 ரசிகர்களிடம் அந்த ஆல்பத்தின் பெயரை எடுத்தால் பேச்சு வேறு திசையில் போகிறது. அன்று முகம் சுளித்தவர்களே, குழு கடைசியாகத் துணிந்து இறங்கிய ஆல்பம் அதுதான் என்கிறார்கள். பாடல் பாடலாகப் பிரித்துப் பேசுகிறார்கள். புதிய மிக்ஸிங்கை ஒதுக்கிவிட்டுப் பழையதைத் தேடிப் போகிறார்கள். ஓர் ஆல்பத்தைப் படைத்தவர்கள் கைகழுவிய பிறகு கேட்டவர்கள் அதற்காக வாதாடுவது ராக் இசையில் அடிக்கடி நடப்பதில்லை. நானும் அந்த வாதாடுபவர்களில் ஒருவன்.

டப்ளினில் 1976இல் பள்ளி மாணவர்களாகக் கூடியவர்கள் போனோ, எட்ஜ், ஆடம் கிளேட்டன், லாரி மல்லன். ‘பாப்’ அவர்களுடைய ஒன்பதாவது ஸ்டுடியோ ஆல்பம். வேலை தொடங்கியபோது மல்லன் முதுகு அறுவைச் சிகிச்சையால் விலகியிருந்தார். டிரம்ஸ் இல்லாமல் மற்ற மூவரும் ஃப்ளட், ஹவி பி முதலிய தயாரிப்பாளர்களோடு உட்கார்ந்து, நடன இசையின் லூப்களை அடித்தளமாக வைத்துப் பாட்டு கட்டினார்கள். மல்லன் திரும்பியதும் அந்த லூப்களோடு அவருடைய வாசிப்பைப் பொருத்தும் வேலை ஆரம்பித்தது. நினைத்ததைவிட அது இழுத்தது. இதற்குள் மேலாளர் பால் மெக்கின்னஸ் உலகச் சுற்றுப்பயணத்துக்கு மைதானங்களை முன்பதிவு செய்துவிட்டார். முதல் நிகழ்ச்சி 1997 ஏப்ரல் 25, லாஸ் வேகாஸ். அந்தத் தேதியை அசைக்க முடியாது. 1996 கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்திருக்க வேண்டிய ஆல்பம் மார்ச் 3க்குத் தள்ளிப்போனது. அதற்கு மேல் தள்ள இடமில்லை. ‘லாஸ்ட் நைட் ஆன் எர்த்’ பாட்டின் பல்லவியைப் பதிவின் கடைசி இரவில்தான், குரல் தேய்ந்துபோன நிலையில் போனோ பாடினார். நியூயார்க்கில் மாஸ்டரிங் நடந்தபோதும் எட்ஜ் திருத்திக்கொண்டே இருந்தார். இன்னும் ஒரு மாதம் கிடைத்திருந்தால் நன்றாக வந்திருக்கும் என்பதுதான் குழுவினர் பிற்பாடு திரும்பத் திரும்பச் சொன்ன காரணம்.

ஒத்திகைக்கு ஒதுக்கிய நாட்களையும் ஸ்டுடியோ தின்றுவிட்டது. லாஸ் வேகாஸ் மேடையில், பல்லாயிரம் பேர் முன்னால், ‘ஸ்டேரிங் அட் தி சன்’ தடுமாறி நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

ஆனால் அன்றைய ஏமாற்றத்துக்கு அரைகுறை வேலையைவிட அதன் உறைதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். சுற்றுப்பயணத்தை அறிவிக்க அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் நியூயார்க்கில் ஒரு கேமார்ட் கடை, அதிலும் உள்ளாடைகள் விற்கும் பகுதி. ‘டிஸ்கோதெக்’ வீடியோவில் வில்லேஜ் பீப்பிள் குழுவின் வேடம் கட்டி ஆடினார்கள். மேடைக்கு ஏறக்குறைய 30 மீட்டர் உயரத்தில் ஒரு தங்க வளைவு, அதுவரை எங்கும் இல்லாத அளவில் எல்ஈடி திரை, 12 மீட்டர் உயரத்தில் கண்ணாடிச் சில்லுகள் பதித்த எலுமிச்சம்பழம். நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியில் அந்தப் பழம் திறந்து நால்வரும் வெளியே வர வேண்டும். ஆஸ்லோவில் அது திறக்கவில்லை. பின்பக்கமாக இறங்கினார்கள். நுகர்வுப் பண்பாட்டைக் கிண்டல் செய்கிறோம் என்பது அவர்கள் எண்ணம். பார்த்தவர்களில் பலருக்கு அவர்களும் அந்தக் கடையில் ஒரு சரக்காகிவிட்டார்கள் என்றே பட்டது.

அந்த ரசிகர்களை நான் குறை சொல்லமாட்டேன். 1987இல் ‘ஜோஷுவா ட்ரீ’ கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடி பிரதிகளுக்கான சான்று பெற்ற ஆல்பம் அது. அந்தக் குரலில் நெஞ்சை நேராக வந்து தொடும் ஒன்று இருந்தது. 1991இல் ‘ஆக்டங் பேபி’ அதை முகமூடிக்குப் பின்னால் கொண்டுபோனபோதுகூட ‘ஒன்’ பாடலில் முகமூடி கழன்றது. ‘பாப்’ வந்தபோது அவர்கள் கேட்ட முதல் பாட்டு ‘டிஸ்கோதெக்’, கண்ட முதல் காட்சி அந்த நடனம். பல பத்திரிகை விமர்சனங்கள் பாராட்டின. அமெரிக்கா, பிரிட்டன் உட்படப் பல நாடுகளில் ஆல்பம் முதலிடத்தில் நுழைந்தது. அப்புறம் சீக்கிரமே இறங்கியது. அமெரிக்காவில் அது பெற்ற சான்று பத்து லட்சம் பிரதிகளுக்கு. சுற்றுப்பயணத்தில் சில அமெரிக்க மைதானங்களில் இருக்கைகள் காலியாகக் கிடந்தன.

குழு பின்வாங்கியது. 2000இல் வந்த ‘ஆல் தட் யூ கான்ட் லீவ் பிஹைண்ட்’ பழைய கிட்டார் ஒலிக்கும் நேரடியான பாட்டுக்கும் திரும்பியது. ஏழு கிராமி விருதுகள் கிடைத்தன. உலகின் சிறந்த இசைக்குழு என்ற வேலைக்கு மறுபடி விண்ணப்பிக்கிறோம் என்ற பொருளில் அந்த நாட்களில் போனோ பேசினார். ‘பாப்’ காலத்தில் அந்த வேலையை இழந்தோம் என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று. மேடைப் பட்டியலில் அந்த ஆல்பத்தின் பாடல்கள் அருகின. 2019 டிசம்பரில் மும்பையில் அவர்கள் முதல்முறையாக இந்திய மேடையேறி, ஏ.ஆர். ரஹ்மானும் சேர்ந்து வாசித்த அந்த இரவில் ‘ஜோஷுவா ட்ரீ’ முழுவதும் ஒலித்தது. ‘பாப்’பிலிருந்து ஒரு பாட்டும் இல்லை.

இப்போது அதே பன்னிரண்டு பாடல்களைக் கேட்பவருக்கு எலுமிச்சம்பழம் கண்ணில் படுவதில்லை. இருபது வயதில் இன்று அதைக் கேட்கும் ஒருவர் கேமார்ட் கடையைக் கேள்விப்பட்டதே இல்லை. கணினி லூப்பும் கிட்டாரும் ஒரே பாட்டில் கலப்பது அவருக்குப் புதுமையுமில்லை, துரோகமுமில்லை. 1997இல் கேட்டவர்களோ நாற்பதையும் ஐம்பதையும் தாண்டிவிட்டார்கள். தாயையோ தந்தையையோ இழந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். ‘மோஃபோ’வை அவர்கள் கேட்கும் விதம் மாறாமல் எப்படி இருக்கும்?

அந்தப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆல்பத்திலேயே அதிகமாகக் காதை அறையும் நடன ஒலி அதில்தான். அன்று பலர் அந்தச் சத்தத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். உள்ளே இருப்பது இறந்துபோன அம்மாவோடு பேசும் மகன். போனோவின் அம்மா ஐரிஸ் 1974 செப்டம்பரில், தன் சொந்தத் தந்தையின் இறுதிச் சடங்கில் மயங்கி விழுந்து, சில நாட்களில் இறந்தார். போனோவுக்கு அப்போது 14 வயது. அந்த இழப்பை அவர் வேறு பாடல்களிலும் தொட்டிருக்கிறார், ஆனால் இவ்வளவு பச்சையாக எங்கும் தொடவில்லை. மெதுவான பியானோவில் பாடியிருந்தால் ரசிகர்கள் அன்றே உருகியிருப்பார்கள். அவர் அதை இரைச்சலுக்கு நடுவே வைத்தார். இரைச்சல்தான் அந்தத் துயரத்துக்குப் பொருத்தம் என்பது என் கட்சி. அம்மா இல்லாத வீட்டில் பையனுக்கு அமைதி எங்கே இருந்திருக்கும்?

‘ப்ளீஸ்’ இன்னொரு வகை. ஐரிஷ் குடியரசுப் படை 1994இல் அறிவித்த போர்நிறுத்தம் 1996 பிப்ரவரியில், லண்டன் டாக்லேண்ட்ஸ் குண்டுவெடிப்போடு உடைந்தது. அந்த நாட்களின் கசப்பில் உருவான பாட்டு இது. தனிப்பாடலாக வந்தபோது அட்டையில் வட அயர்லாந்தின் நான்கு தலைவர்களின் முகங்கள் இருந்தன: ஜெர்ரி ஆடம்ஸ், டேவிட் டிரிம்பிள், இயன் பெய்ஸ்லி, ஜான் ஹ்யூம். புனித வெள்ளி ஒப்பந்தம் 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தானது. அடுத்த மாதம் பெல்ஃபாஸ்ட் மேடையில் ஹ்யூமையும் டிரிம்பிளையும் அருகருகே நிறுத்தி இருவர் கைகளையும் போனோ உயர்த்திப் பிடித்தார். ‘டிஸ்கோதெக்’ இருக்கும் அதே ஆல்பத்தில்தான் இந்தப் பாட்டும் இருந்தது. கேலிக்கூத்து என்று அன்று ஒதுக்கியவர்கள் பதினோராவது பாட்டு வரை போயிருந்தால் வேறு ஒரு யு2வைச் சந்தித்திருப்பார்கள்.

பன்னிரண்டாவது ‘வேக் அப் டெட் மேன்’. நடன அரங்கில் தொடங்கிய ஆல்பம், விசுவாசி ஒருவன் பதில் சொல்லாத கடவுளிடம் கோபமும் கெஞ்சலுமாக நிற்பதில் முடிகிறது. அதற்குப் பிறகு ஆறுதல் பாட்டு எதையும் அவர்கள் வைக்கவில்லை. அவர்களுடைய வேறெந்த ஆல்பமும் இவ்வளவு இருட்டில் நம்மை விட்டுவிட்டுப் போனதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த மேடை அலங்காரத்துக்கும் ஒரு நல்ல இரவு இருந்தது, அதையும் இன்று பலர் நினைவுகூர்கிறார்கள். 1997 செப்டம்பர் 23, சரயேவோ, கோஷெவோ மைதானம். நான்கு வருடம் நெருங்கிய முற்றுகை முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மற்ற நகரங்களில் நடத்திய முழு நிகழ்ச்சியையே வளைவும் பழமும் சகிதம் அங்கேயும் கொண்டுபோனார்கள். சுமார் 45,000 பேர் கூடினார்கள். போரில் நின்றுபோன ரயில் அவர்களை அழைத்துவர மறுபடி ஓடியது. சண்டையிட்ட மூன்று தரப்புச் சனமும் ஒரே கூட்டத்தில் நின்றது. போனோவின் தொண்டை கிட்டத்தட்ட முற்றிலும் போய்விட்டது. அவர் பாட முடியாத இடங்களைக் கூட்டம் பாடியது. சிகாகோவில் படாடோபம் என்று தெரிந்த அதே அலங்காரம், நான்கு வருடம் ஒரு கொண்டாட்டமும் பார்க்காத ஊரில் அப்படித் தெரியவில்லை.

இதற்காக ‘பாப்’ குறையில்லாத படைப்பு என்று சொல்லிவிட முடியாது. ‘மயாமி’ அன்றும் சலிப்பு, இன்றும் சலிப்பு. ‘தி ப்ளேபாய் மேன்ஷன்’ அந்த வருடத்துப் பிரபலங்களின் பெயர்களோடு சேர்ந்து வயதாகிவிட்டது. குழு சொன்ன குறைகளிலும் சில நியாயமானவை. ‘ப்ளீஸ்’ தனிப்பாடலாக வந்தபோது திருத்திய வடிவம் ஆல்பத்தில் இருப்பதைவிடக் கூர்மையானது. ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த வடிவங்களைப் பொறுக்கி, வரிசையை மாற்றி, ஆளுக்கொரு ‘பாப்’ தயாரித்துக் கேட்கிறார்கள். எந்த வடிவம் எங்கே வரவேண்டும் என்பதில் இரண்டு பேருக்கு ஒத்துப்போகாது. ‘கான்’ பாட்டுக்கு 2002 மிக்ஸிங்தான் மேல் என்று சொல்பவர்கள் நிறைய. நான் 1997 பக்கம். அதில் அபாயச் சங்கு போல அலறும் எட்ஜின் கிட்டார்தான், புகழை விட்டுவிட்டுப் போக நினைப்பவனின் பதற்றத்தைத் தருகிறது. புதிய மிக்ஸிங் அந்தப் பதற்றத்தைச் சமப்படுத்திவிட்டது. ‘டிஸ்கோதெக்’ விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடர்த்தியைக் குறைத்ததும் பாட்டே போய்விட்டது.

மறுபார்வைக்கு இன்னொரு காரணம் குழுவின் பிற்கால ஆல்பங்கள். 2014 செப்டம்பரில் ‘சாங்ஸ் ஆஃப் இன்னொசென்ஸ்’ ஆல்பத்தை ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் வாடிக்கையாளர்கள் 50 கோடிப் பேருக்கு இலவசமாகச் சேர்த்தது. கேட்காமல் வந்து சேர்ந்ததற்கு எழுந்த கோபத்தில் போனோ மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பல வருட உழைப்பு, பல தயாரிப்பாளர்கள், பிசிறே இல்லாத ஒலி. நல்ல பாடல்கள் அதிலும் உண்டு. ஆனால் அவகாசம் தாராளமாகக் கிடைத்தபோது யு2 என்ன செய்யும் என்பதற்கு அது ஒரு விடை. அவசரத்தில் பிறந்த ‘பாப்’பின் கரடுமுரடு அதற்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கும்போது உயிரோட்டமாகத் தெரிகிறது.

குழுவும் இப்போது கொஞ்சம் இளகியிருக்கிறது. 2018 சுற்றுப்பயணத்தில் போனோவும் எட்ஜும் ‘ஸ்டேரிங் அட் தி சன்’ பாட்டை எளிய வடிவில், அமெரிக்க இனவெறி ஊர்வலங்களின் காட்சிகளோடு பாடினார்கள். கண்ணைக் கூசச் செய்யும் உண்மையிலிருந்து முகம் திருப்புபவர்களைப் பற்றிய பாட்டுக்கு அந்த இடம் சரியாகவே பொருந்தியது. அதே வருடம் ஆல்பம் மறுபடி இசைத்தட்டாக வந்தது. 2023இல் பழைய பாடல்கள் நாற்பதை மறுபதிவு செய்தபோது ‘இஃப் காட் வில் செண்ட் ஹிஸ் ஏஞ்சல்ஸ்’ ஒன்றுக்கு இடம் கிடைத்தது. நாற்பதில் ஒன்று!

‘ஆக்டங் பேபி’க்கும் ‘ஜோஷுவா ட்ரீ’க்கும் ஆண்டு நிறைவுப் பதிப்புகள் வந்தன. ‘பாப்’புக்கு 2027 மார்ச்சோடு 30 வருடம். அப்போது ஒரு பதிப்பு கொண்டுவந்தால் டப்ளின் ஸ்டுடியோவின் ஒத்திகை நாடாக்களைச் சேர்க்கட்டும், சரயேவோ இரவைச் சேர்க்கட்டும், இதுவரை செய்த மிக்ஸிங் அத்தனையையும் சேர்க்கட்டும். முதல் தட்டில் மட்டும் 1997இல் கடைக்கு வந்த பன்னிரண்டு பாடல்களை, அந்த வரிசையில், தொண்டை கட்டிய பல்லவியோடு அப்படியே வைக்க வேண்டும்.