வலிக்காத கட்டியும் காட்டப்பட வேண்டும்: சிறுநீரக மாற்றுக்குப் பின் தோலில் தோன்றும் அரிய நோய்கள்

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971-ஆம் ஆண்டிலேயே அது வெற்றிகரமாக நடைபெற்றது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெற்று வழங்கும் அரசுத் திட்டம் 2008 முதல் இயங்கிவருகிறது. மாற்றுச் சிறுநீரகத்துடன் பல ஆண்டுகளாக நலமாக வாழ்வோர் தாம்பரம், குரோம்பேட்டை, வண்டலூர் வட்டாரத்திலும் இருக்கின்றனர்.

இவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது கிரியாட்டினின் அளவு, இரத்த அழுத்தம், மருந்துச் சீட்டு ஆகியவற்றை ஒழுங்காகக் கொண்டுவருகின்றனர். காலிலோ கையிலோ உள்ள சிறு கட்டியைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. கேட்டால், "அது வலிக்கவே இல்லை, டாக்டர்" என்பதே விடையாக வருகிறது. வலி இல்லாததை நலத்தின் அடையாளமாகக் கொள்வது மற்றவர்க்குப் பொருந்தலாம். மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர்க்கு அது பொருந்தாது.

வலி ஏன் தெரிவதில்லை?

1954-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, உருவொத்த இரட்டையரிடையே செய்யப்பட்டது. ஒருவர் உறுப்பை மற்றவர் உடல் தன்னுடையதாகவே ஏற்றதால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தேவைப்படவில்லை. மற்ற அனைவருக்கும் டாக்ரோலிமஸ், மைகோபீனோலேட், பிரட்னிசோலோன் போன்ற மருந்துகள் தேவை. இவை புதிய சிறுநீரகத்தை உடல் தாக்காமல் காக்கின்றன.

தோலில் கிருமி நுழைந்தால் ஏற்படும் சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகியவை கிருமியின் செயல் மட்டுமல்ல; அதனை எதிர்க்கும் நம் உடலின் செயலும் ஆகும். அந்த எதிர்ப்பு அடக்கப்பட்டிருக்கும்போது இவ்வறிகுறிகளும் அடங்கியே தெரிகின்றன. காய்ச்சலும் வராமல் போகலாம். நோய் மட்டும் மெதுவாக வளர்ந்துகொண்டிருக்கும்.

முள்ளோடு நுழையும் பூஞ்சை

மண், மட்கிய மரம், செடிகள், முட்கள் ஆகியவற்றில் கருநிறப் பூஞ்சைகள் சில வாழ்கின்றன. இவற்றின் நிறத்திற்குக் காரணம் மெலனின் என்னும் நிறமி. இவை உண்டாக்கும் நோய்க்குப் 'பியோஹைஃபோமைகோசிஸ்' என்ற பெயர் 1974-இல் இடப்பட்டது. இது 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது 'கருப்புப் பூஞ்சை' என்று செய்திகளில் அடிபட்ட மியூகோர்மைகோசிஸ் அன்று. அந்நோய் சில நாட்களில் திசுக்களை அழிக்கும். இதுவோ பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல வளரும்.

வீட்டுத் தோட்டத்திலோ காலி மனையிலோ வெறுங்காலுடன் நடக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சீமைக் கருவேல முள் ஒன்று குத்துகிறது. பிடுங்கி எறிந்துவிட்டு மறந்துவிடுகிறார். சில மாதங்கள் கழித்து அவ்விடத்தில் பட்டாணி அளவில் கட்டி எழுகிறது. கொழுப்புக் கட்டி என்று எண்ணி அவர் விட்டுவிடக்கூடும். அறுத்து எடுக்கும்போதும், அதனைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பாவிட்டால் உண்மை தெரியாமல் போகலாம். ஆகவே கட்டியை அகற்றும் மருத்துவரிடம், தாம் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் என்பதை நோயாளி முதலிலேயே கூற வேண்டும். 'பயாப்சி' எனப்படும் திசுச் சோதனைக்கு ஒரு பகுதியும், பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்கு மற்றொரு பகுதியும் செல்ல வேண்டும். தொடக்கத்தில் கண்டறிந்தால் அறுவையாலும் பூஞ்சைக்கொல்லி மருந்தாலும் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

நம் பகுதியில் மழைக்காலம் தனிக் கவனத்திற்குரியது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் மக்கள் வெள்ளத்தில் நடக்க நேர்ந்தது பலர்க்கும் நினைவிருக்கும். தேங்கிய நீரில் கால் வைக்க நேர்ந்தால், பின்னர் சோப்பினால் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் பாதத்தையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

வேறு சில அரிய நோய்கள்

காபோசி சர்கோமா: 1872-இல் வியன்னா நகர மருத்துவர் மோரிட்ஸ் காபோசி விவரித்த இப்புற்றுநோய் ஒரு வகை ஹெர்பிஸ் வைரஸினால் தூண்டப்படுகிறது. ஊதா அல்லது பழுப்பு நிறத் திட்டுகளாகப் பெரும்பாலும் கால்களில் தோன்றும். இந்தியாவில் அரிது. 2005-இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், சைக்ளோஸ்போரினுக்கு மாற்றாகச் சிரோலிமஸ் கொடுக்கப்பட்ட 15 பேருக்கும் மூன்று மாதங்களில் தோல் திட்டுகள் மறைந்தன. மாற்றுச் சிறுநீரகமும் காக்கப்பட்டது.

தோல் காசநோய்: 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயரே 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்தது. அந்நோய் நுரையீரலோடு நிற்பதில்லை. இருமல் இல்லாமலே தோலில் ஆறாத புண்ணாகவும் வரலாம்.

அக்கி: உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளங்கள் எழுந்தால் அன்றே வர வேண்டும். முதல் 72 மணி நேரத்திற்குள் மருந்து தொடங்குவதே நன்று. கண்ணருகில் எழுந்தால் சிறிதும் தாமதம் கூடாது.

தோல் புற்றுநோய்: வெண்தோலினரைவிட நமக்குக் குறைவே. எனினும் வெயில் படும் இடங்களிலோ உதட்டிலோ ஆறாத புண், தடித்து வளரும் மரு ஆகியவற்றைக் காட்ட வேண்டும். அசதயோபிரின், வோரிகோனசோல் போன்ற மருந்துகள் வெயிலால் தோலுக்கு ஏற்படும் பாதிப்பைக் கூட்டுகின்றன.

மருந்துக் கடையில் தாமாக வாங்கலாகாது

படர்தாமரைக்கென வாங்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு உள்ளது. அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். மாத்திரைகளில் இடர் இன்னும் மிகுதி. இட்ரகோனசோல், புளூகோனசோல் ஆகியவை இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை உயர்த்திச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் அதே அளவைக் குறைத்து உறுப்பு நிராகரிப்பிற்கு வழிவகுக்கும். இம்மருந்துகளைச் சிறுநீரக மருத்துவர் அளவைச் சரிசெய்து, இரத்தச் சோதனையுடன் கொடுப்பார். தோல் நோய் வந்துவிட்டதென்று அஞ்சி எதிர்ப்பாற்றல் மருந்தைத் தாமாக நிறுத்துவதும் பெருந்தவறு.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

• மாதம் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில், முதுகு, பிடரி, காதுமடல், உள்ளங்கால் உட்பட முழு உடலையும் பார்த்தல். முதுகைத் தாமே பார்க்க இயலாது. மனைவியோ கணவரோ மக்களோ உதவ வேண்டும்.

• புதிய கட்டி அல்லது திட்டு தெரிந்தால் நாணயத்தை அருகில் வைத்துத் தேதியுடன் படம் எடுத்தல்.

• தோட்ட வேலையில் காலணியும் கையுறையும் அணிதல். வெயிலில் குடையும் முழுக்கைச் சட்டையும் பயன்படுத்துதல்.

• இரண்டு வாரத்தில் ஆறாத புண், வளரும் கட்டி, நிறம் மாறிய திட்டு ஆகியவற்றை அடுத்த மறுபரிசோதனை வரை ஒத்திவைக்காமல் காட்டுதல்.

• தோல் கருத்தல், வேகமாகப் பரவும் சிவப்பு, தோல் மாற்றத்துடன் காய்ச்சல் ஆகியவை தோன்றினால் உடனே அவசரப் பிரிவிற்கு வருதல்.

முகப்பரு, மென்மையான உரோம வளர்ச்சி, எளிதில் தோல் கன்றிப்போதல் போன்றவை மருந்துகளின் வழக்கமான விளைவுகள். இவற்றால் கலங்க வேண்டியதில்லை. மேற்கூறிய அரிய நோய்கள் பெரும்பாலோர்க்கு வருவதுமில்லை. எனினும் எது வழக்கமானது, எது அரியது என்று பிரித்தறியும் பொறுப்பை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். அடுத்த முறை வரும்போது சோதனை முடிவுகளை நீட்டுவதற்கு முன் தோலில் கண்டதைச் சொல்லுங்கள். காலுறையைக் கழற்றிக் காட்டத் தயங்க வேண்டாம்.