ஹைட்ராலிக் ஆயில்: விற்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை



மளிகைக் கடைக்கும் டிராக்டர் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நம் சேலம், நாமக்கல் பகுதிக் கிராமங்களில் சம்பந்தம் உண்டு. ராசிபுரம், ஆத்தூர், பரமத்தி வேலூர் பக்கம் ரோட்டோரக் கடைகளில் அரிசி, பருப்பு மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே கிரீஸ், பிரேக் ஆயில், ஹைட்ராலிக் ஆயில் டின்களும் அடுக்கியிருக்கும். டவுனுக்குப் போய்வர அரை நாள் போய்விடும் என்பதால் விவசாயி நம்மிடம்தான் வருகிறார். சேகோ ஆலைக்குக் குச்சிக்கிழங்கும், மோகனூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பும், கோழிப் பண்ணைக்கு மக்காச்சோளமும் டிராக்டரில்தான் போகின்றன. அந்த டிராக்டர் நின்றால் நம் கடைக் கல்லாவும் நிற்கும்.

இதை எழுதத் தூண்டியது என் கடையில் நடந்த ஒரு தவறு. சில வருடங்களுக்கு முன் கிராமத்துக் கடைக்காரர் ஒருவர், என் பழைய வாடிக்கையாளர், போன் செய்தார். "அண்ணா, ஹைட்ராலிக் ஆயில் ரெண்டு பக்கெட் லாரியில போட்டு விடுங்க" என்றார். எந்த வண்டிக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கையில் இருந்த 68 கிரேடு ஆயிலை அனுப்பினேன். பத்து நாள் கழித்து, கரும்பு ஏற்றிய அந்த டிராக்டர் ஒரு இறக்கத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காமல் டிரெய்லரோடு பள்ளத்தில் இறங்கிவிட்டது. டிரைவருக்குக் காலில் எலும்பு முறிவு. உயிர் பிழைத்தது தெய்வச் செயல். மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, "இந்த வண்டிக்கு இந்த ஆயில் ஆகாதுங்க" என்றார்.

ஆயிலில் கலப்படம் இல்லை. விலையிலும் பில்லிலும் தவறில்லை. கேட்காமல் விட்டதுதான் தவறு. செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். அதன் பிறகு மெக்கானிக்குகளிடம் கேட்டும், கம்பெனிகள் தரும் கையேடுகளைப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன்.

ஆயில் எப்படிப் பாரம் தூக்குகிறது?

காற்றை அழுத்தினால் சுருங்கும். ஆயிலை அழுத்தினால் ஏறக்குறையச் சுருங்காது. கொடுத்த அழுத்தத்தை எல்லாப் பக்கமும் அப்படியே கடத்தும். இதை 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கினார்.

டிராக்டரில் எஞ்சின் ஒரு சிறிய பம்பைச் சுற்றுகிறது. பம்பு ஆயிலைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். 8 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். 50-ஐ 150-ஆல் பெருக்கினால் 7,500 கிலோ விசை. தூக்கும் கைகளின் நீளத்தால் நுனியில் இந்த விசை பெரிதும் குறைந்துவிடும். ஆனாலும் ஒரு டன்னுக்கு மேல் தூக்கும் டிராக்டர்கள் நம் ஊரில் சாதாரணம். டிரைவர் லீவரை ஒரு விரலால் தள்ளுகிறார். பாரத்தைத் தூக்குவது ஆயில்.

இதைக் கலப்பையோடு இணைத்தவர் அயர்லாந்து விவசாயி மகன் ஹாரி பெர்குசன். அந்தக் காலத்தில் கலப்பையை டிராக்டருக்குப் பின்னால் சங்கிலி போட்டு இழுப்பார்கள். கொழு கல்லில் மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கி, ஓட்டுபவர் மேலேயே கவிழும். பெர்குசன் மூன்று இடத்தில் கலப்பையைப் பிணைத்து, ஆயில் அழுத்தத்தால் ஆழத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1926-ல் காப்புரிமை பெற்றார். 1939-ல் போர்டு கம்பெனி டிராக்டரில் அது பெருமளவில் வந்தது. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாசி பெர்குசன் டிராக்டர்களைச் செய்ததால் அந்தப் பெயர் நம் பக்கமும் பழக்கமானது. நம் கல்லங்காடுகளில் கடினமான இடம் வந்ததும் கலப்பை தானே சற்று மேலே எழுவது இந்த முறையால்தான்.

ஒரே ஆயில், பல வேலை

பல டிராக்டர்களில் கியர் பெட்டி, பின் ஆக்சில், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே தொட்டி, ஒரே ஆயில். 30 லிட்டருக்கு மேலும் பிடிக்கும். அந்த ஆயில் பாரம் தூக்க வேண்டும். கியர் பற்கள் தேயாமல் காக்க வேண்டும். சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். துரு பிடிக்காமல் தடுக்க வேண்டும். ஆயில் பிரேக் உள்ள வண்டிகளில் பிரேக் தகடுகளும் அதே ஆயிலில்தான் முழுகியிருக்கின்றன. வழுக்கவும் வேண்டும், பிரேக் போடும்போது பிடிக்கவும் வேண்டும். இதற்கென்று தனி மருந்துகள் சேர்த்த ஆயில் உண்டு. அதைத்தான் யு.டி.டி.ஓ. என்று டின்னில் போடுகிறார்கள். அதற்குப் பதில் சாதாரண ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றினால் பிரேக் கிரீச்சிடும், அதிரும், சரியாகப் பிடிக்காது. நான் செய்த தவறு இதுதான்.

46, 68 என்ற எண்கள் தரத்தைக் குறிப்பவை அல்ல. 40 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பவை. எண் கூடினால் ஆயில் கெட்டி. "68 தான் ஒசத்தி" என்று சொல்லி விற்பது சரியல்ல.

பிரேக் ஆயில் வேறு, ஹைட்ராலிக் ஆயில் வேறு. டப்பாவில் வரும் வழக்கமான பிரேக் ஆயில் பெட்ரோலிய எண்ணெயே அல்ல. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். இரண்டு டப்பாக்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கெட்டுப்போவது எப்படி?

முதல் எதிரி தண்ணீர். சேற்றுழவு செய்யும் வண்டியில் தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீர் புகும். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது தூசி. பம்பும் வால்வும் மிக நெருக்கமாகக் கடைந்தவை. கண்ணுக்குத் தெரியாத மணலும் அவற்றை அரித்துவிடும். மூன்றாவது காற்று. ஆயில் குறைந்தால் பம்பு காற்றை இழுத்து நுரை தள்ளும். தூக்கும் கைகள் உதறும்.

நம் பக்கம் டிப்பர் டிரெய்லரை ஊருக்குள் இரவல் கொடுத்து வாங்குவது வழக்கம். ஒரு வண்டியின் ஆயில் டிரெய்லர் சிலிண்டரில் தங்கி அடுத்த வண்டிக்குள் போகிறது. தூசியும் தண்ணீரும் கூடவே போகின்றன. வாடிக்கையாளரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கடையில் செய்ய வேண்டியவை

1. எந்த வண்டி, எந்த மாடல், ஆயில் பிரேக் உண்டா, கையேட்டில் என்ன ஆயில் போட்டிருக்கிறது என்று கேளுங்கள். தெரியாவிட்டால் மெக்கானிக்கைக் கேட்டு வரச் சொல்லுங்கள். ஒரு வியாபாரம் ஒரு நாள் தள்ளிப்போனால் நஷ்டமில்லை.

2. பில்லில் "ஆயில்" என்று மட்டும் எழுதாமல் கம்பெனி, வகை, கிரேடு மூன்றையும் எழுதுங்கள்.

3. சீல் உள்ள டின்னையே வாங்கி விற்கவும். நிகர அளவு, பேக்கிங் செய்த மாதம், அதிகபட்ச விலை இவற்றைப் பார்த்துக்கொள்ளவும். கழிவு ஆயிலை வடிகட்டிப் புதிதென்று விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

4. பேரலை வெளியில் நிமிர்த்தி வைக்காதீர்கள். மேல் மூடியில் மழைநீர் தேங்கும். பகல் சூட்டில் விரிந்து இரவில் குளிரும் பேரல், மூடி இடுக்கு வழியாக அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில் இருக்குமாறு வையுங்கள்.

5. அரிசி, மாவுக்குத் தள்ளி வையுங்கள். சமையல் எண்ணெய் அளக்கும் படியையும் புனலையும் இதற்கு ஒருபோதும் எடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை

வாங்க வருபவரிடம் இரண்டு வார்த்தை சொல்லியனுப்புங்கள். தூக்கி நிற்கும் டிப்பருக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் யாரும் போகக் கூடாது; ஹோஸ் பிய்ந்தால் கண் இமைக்கும் நேரத்தில் இறங்கிவிடும். ஹோஸில் ஊசி முனை அளவு ஓட்டையில் பீய்ச்சும் ஆயிலைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி குறைவாக இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கால் ஒடிந்த அந்த டிரைவர் இன்று நன்றாக நடக்கிறார். எங்காவது பார்த்தால் "நல்லா இருக்கீங்களா அண்ணா" என்று அவரே விசாரிக்கிறார். எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் மனம் உறுத்துகிறது. அன்று போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நீங்கள் கேட்டுவிடுங்கள்.