படிக்க இயலாத பெயர்ப்பலகை

தாம்பரம் ரயில் நிலையத்தில் ஒரு மாலை, எதிரே வந்த மின்சார வண்டியின் நெற்றியிலிருந்த ஊர்ப்பெயரைப் படிக்குமாறு என் தம்பி மகனிடம் கூறினேன். கண்களைச் சுருக்கிக்கொண்டு, "எழுத்து எங்கே இருக்கிறது, பெரியப்பா?" என்றான். வயது பத்து. வகுப்பில் முதல் வரிசைக்காக அவன் சண்டையிட்டதன் காரணம் அப்பொழுதுதான் விளங்கிற்று.

எனக்கு வெள்ளெழுத்து வந்தபோது செய்தித்தாளை எட்டப் பிடித்து நானே கண்டுகொண்டேன். உலகமே மங்கல்தான் என்றெண்ணும் சிறுவன் எதைச் சொல்லி முறையிடுவான்?

அவனுக்கு வந்திருந்தது கிட்டப்பார்வை. விழிக்கோளம் சற்றே நீண்டுவிடுவதால், தொலைப் பொருளின் ஒளி விழித்திரையை அடையுமுன்னரே குவிந்துவிடுகிறது. குழிவில்லை அவ்வொளியைச் சிறிது விரித்தனுப்ப, பிம்பம் உரிய இடத்தில் விழுகிறது.

ஒரு கண் மட்டும் மங்கலாயின் அபாயம் பெரிது. நல்ல கண்ணைக் கொண்டே மூளை காரியம் பார்த்து, மற்றதன் செய்தியைப் புறக்கணிக்கப் பழகிவிடும். ஏழெட்டு வயதுக்குள் திருத்தாவிடில், பின்னர்க் கண்ணாடி அணிந்தும் அக்கண்ணின் பார்வை முழுமையாகத் திரும்புதல் அரிது. ஆகவே பள்ளியிற் சேருமுன்னரே கண்களைத் தனித்தனியே சோதித்தல் வேண்டும்.

1819-இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அவனை அழைத்துச் சென்றோம். கண்ணாடி போட்டால் கண் கெட்டுவிடும் என்று என் அன்னையார் அஞ்சினார். வளரும் வயதில் விழிக்கோளம் மேலும் நீள்வதால் அளவு கூடக்கூடும். அது கண்ணாடியின் குற்றமன்று. நாள்தோறும் பகலொளியில் வெளியே விளையாடுவது அந்நீட்சியைத் தடுக்க ஓரளவு துணைபுரியும்.

கண்ணாடியுடன் ரயிலில் திரும்புகையில், வண்டி நிற்குமுன்பே மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை என உரக்கப் படித்துக்கொண்டே வந்தான்.